கடை காம்ப்ளக்ஸுக்கு வருஷா வருஷம் பராமரிப்புச் செலவு தேவையா? ஒழுகும்போது பார்த்துக்கொண்டால் போதாதா?

கும்பகோணத்தில் இரண்டு மாடிக் கட்டடம், கீழே வரிசையாகக் கடைகள், மேலே ஜவுளிக் கிடங்கு ஒன்று, டியூஷன் சென்டர் ஒன்று, கட்டி இருபது வருஷம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதுவரை எங்கும் ஒழுகவில்லை, ஒழுகினால் கொத்தனாரைக் கூப்பிட்டுக்கொள்ளலாமே என்பது உங்கள் கேள்வி.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் கடை, மண்டபம், லாட்ஜ், நெல் கிடங்கு என்று கட்டடப் பராமரிப்புதான் என் தொழில். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். உள்ளே ஒழுகல் தெரிகிற அன்றைக்குத் தண்ணீர் இறங்க ஆரம்பித்துப் பல மழைக்காலம் ஆகியிருக்கும். மேலே மொட்டை மாடியில் பதித்த தட்டையான ஓட்டின், அதாவது தட்டோட்டின், இடுக்கில் இறங்கிய தண்ணீர் முதலில் அடியில் உள்ள செங்கல் சல்லிக் காரையில் ஊறும். அது நிறைந்த பிறகுதான் கான்கிரீட்டுக்கு வரும். அங்கே கம்பியைத் தொட்டுத் துருவேற்றும். இரும்பு துருவானால் பழைய இடத்தைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். தளத்தின் அடியில் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் முக்கால் அங்குலம்தான். அது என்ன செய்யும்? வெடித்துக் கீழே விழும்.

வீடாக இருந்தால் கறை படிந்த உடனே யார் கண்ணிலாவது படும். கடையில் அது நடப்பதில்லை. வாடகைக்கு வருகிறவர் முதல் வேலையாக ஃபால்ஸ் சீலிங் அடிக்கிறார், சுவரை ஜிப்சம் பலகையால் மூடுகிறார். அதற்கு மேலே என்ன நடக்கிறது என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சீலிங் போடும்போதே கழிப்பறைக்குக் கீழே ஒரு இடத்திலும் மழைத்தண்ணீர்க் குழாய் இறங்கும் மூலையில் ஒரு இடத்திலும் கழற்றி மாட்டுகிற மாதிரி பலகை வைக்கச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். இதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

நேரமும் முக்கியம். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பது நம் ஊர்க் கணக்கு. டெல்டாவின் பெரிய மழை அந்த இரண்டு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். ஐப்பசியில் போன் செய்தால் எந்தக் கொத்தனாரும் கிடைக்க மாட்டார். கிடைத்தாலும் ஈரத் தளத்தில் அடிக்கிற வாட்டர்ப்ரூஃப் பூச்சு ஒட்டாது. மாசியில் சுற்றிப் பார்த்து, வேலையை ஆடிக்குள் முடித்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் பூச்சு அடிப்பதானால் காலையில் தளம் சூடாவதற்கு முன் அடிக்கச் சொல்லுங்கள். கொதிக்கிற தளத்தில் அடித்தால் கொப்புளம் போடும்.

மொட்டை மாடியில் முதலில் பார்க்க வேண்டியது வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சாய்வு. ஒரு வாளித் தண்ணீரை நடுவில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நின்ற இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். மழை விட்ட மறுநாள் போய்ப் பார்த்தால் அந்த வட்டத்துக்குள்தான் பாசி பிடித்திருக்கும். அப்புறம் மழைத்தண்ணீர்க் குழாயின் வாயில் குப்பையைத் தடுக்கும் சல்லடையான ஜாலி. வேப்பிலை, புறா இறகு, ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைச்சருகு, பிளாஸ்டிக் கப், கிழிந்த ஃபிளெக்ஸ் துண்டு எல்லாம் சேர்ந்து கெட்டியாக அடைத்துக்கொண்டு நிற்கும். ஒரு இரவு மழையில் கைப்பிடிச் சுவருக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றுவிடும். அந்தப் பாரமும் தளத்தின் மேல்தான் இறங்குகிறது. புரட்டாசியில் ஒருமுறை, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை ஜாலியைச் சுத்தம் செய்ய வாட்ச்மேனிடம் சொல்லி வைப்பதே இந்தக் கட்டடத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய ஆகப் பெரிய காரியம்.

தட்டோட்டு இடுக்குகளைப் புதுப்பிப்பது, தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையைச் சாய்வாகப் பூசுவது இரண்டும் ஒரு நாள் வேலை. கைப்பிடிச் சுவரின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியே சாய்ந்திருந்தால் மழைத் தண்ணீர் முகப்புச் சுவரில் வழிந்து கருப்புக் கோடு விழும்.

சுவர் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றை யாரும் பொருட்படுத்துவதில்லை. சாமி மரம் என்று பிடுங்கத் தயங்குகிறவர்களும் உண்டு. பறவை எச்சத்தில் வந்த அந்த விதை, சுவருக்குள் வேரை விட்டுச் செங்கலைப் பிளந்துவிடும். விரல் நீளம் இருக்கும்போதே வேரோடு எடுத்து, துளையை அடைத்துவிடுங்கள். மேலாக ஒடித்தால் மறுபடி இன்னும் தடியாகத் துளிர்க்கும். திருநாவுக்கரசர் ஏழாம் நூற்றாண்டில் புல் பூண்டு செதுக்கும் உழவாரப் படையைக் கையில் எடுத்து, இதே மண்ணில் கோயில் கோயிலாகச் செய்த வேலை இது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு கும்பாபிஷேகம் என்ற வழக்கத்தில் நம் கோயில்களுக்குத் திருப்பணியும் முறை வைத்து வந்துவிடுகிறது. கடைத்தெருக் கட்டடத்துக்கு அப்படி முறை வைக்க ஆள் இல்லை, நாம்தான் வைக்க வேண்டும்.

அடுத்தது சன்ஷேட். எனக்கு அதிகம் பயம் அங்கேதான், ஏனென்றால் அதன் கீழேதான் வாடிக்கையாளர் நிற்கிறார், வண்டியை நிறுத்துகிறார். அடிப்பக்கம் கம்பி போகும் கோட்டில் பழுப்புக் கறையோ மயிரிழை வெடிப்போ தெரிந்தால் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல கான்கிரீட் கணீரென்று கேட்கும், விட்டுப்போனது பொத்தென்று கேட்கும். அந்த இடத்தைச் சிமெண்ட் பூசி மறைக்காதீர்கள். உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும், பூச்சு பழைய பாரத்தோடு சேர்ந்து விழும். விட்டுப்போன கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் தெரியும் வரை தட்டி எடுக்க வேண்டும். கம்பியைக் கம்பி பிரஷால் வெள்ளையாகத் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த காரையால் நிரப்ப வேண்டும். கம்பி பாதி இளைத்திருந்தால் கொத்தனாரோடு நிறுத்தாமல் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

திருவாரூர் பக்கம் ஒரு கடையில், மேலே ஏசியின் தண்ணீர்க் குழாயை அப்படியே சன்ஷேட்டின் மேல் விட்டிருந்தார்கள். சொட்டு சொட்டாகத்தான், ஆனால் வருஷத்தில் முக்கால்வாசி நாள். சரியாக அந்தச் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் கீழேதான் கான்கிரீட் பெயர்ந்திருந்தது. ஒரு முழக் குழாய் கூடுதலாகப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். பெயர்ப் பலகைக்குக் கைப்பிடிச் சுவரில் போடும் ஓட்டைகளும் இதே கதைதான். பலகை மாறும்போது பழைய ஓட்டையை யாரும் அடைப்பதில்லை.

கீழ்த்தளத்தில் பார்க்க வேண்டியது ஓதம், அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். வழக்கமாக ஜூன் 12ல் மேட்டூர் திறந்து, ஆறும் வாய்க்காலும் ஓடத் தொடங்கினால் நம் பக்கம் நிலத்தடி நீர் மேலே வரும். சுவரின் அடியில் உப்புப் பூத்துப் பெயிண்ட் பொரியும். அதை மறைக்க முழங்கால் உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் டைல்ஸுக்கு மேலே ஏறும். வெளியே சாக்கடை உடைந்திருக்கிறதா, சுவரோரம் தண்ணீர் தேங்குகிறதா என்பதை முதலில் சரிசெய்யுங்கள், உள்பூச்சைப் பிறகு பார்க்கலாம். சாலையை மேலே மேலே போட்டு உங்கள் வாசற்படி தாழ்ந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

களிமண் பூமியில் கோடையில் மண் சுருங்கி, மழையில் உப்புவதால் சுவரில் வெடிப்பு வரும். எல்லா வெடிப்பும் ஆபத்தில்லை. முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஒரு கோடையும் ஒரு மழையும் தாண்டி நீளவில்லை என்றால் பூசிவிடலாம். நீண்டுகொண்டே போனால், குறிப்பாகக் குறுக்காகப் படிக்கட்டு மாதிரி ஏறினால், பொறியாளர் பார்க்க வேண்டும்.

மாடியில் தகரக் கூரை போட்டிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. இருந்தால் தகரத்தைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஜே போல்ட்டுகளைப் பாருங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது எத்தனை கிடங்குக் கூரைகள் பறந்தன என்று நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். துருப்பிடித்த போல்ட்டும் காய்ந்து வெடித்த வாஷரும் அந்தக் காற்றில் நிற்காது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி மாதிரி கடலோரத்தில் உங்களுக்கு வேறு கட்டடம் இருந்தால் அங்கே ஷட்டர், ஜன்னல் கம்பி, போல்ட் எல்லாவற்றுக்கும் வருஷம் இரண்டு முறை பார்வை தேவை. உப்புக் காற்று காத்திருக்காது.

யார் செலவு செய்வது என்ற சண்டை வராமல் இருக்க, 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தைப் படித்துவிடுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, கடைகளுக்கும் பொருந்தும். கட்டமைப்புப் பழுது உரிமையாளர் பொறுப்பு, வாடகைதாரரால் வந்த சேதம் தவிர. குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை சுத்தம் செய்வது மாதிரி சில்லறை வேலைகள் வாடகைதாரர் பொறுப்பு. ஏசி தண்ணீர் எங்கே விடுவது, பலகை ஓட்டையை யார் அடைப்பது, சீலிங்கைத் திறந்து பார்க்க வருஷத்தில் ஒருநாள் அனுமதி ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

செலவுக்கு, வருஷத்தில் ஒரு மாத வாடகையைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்வேன். எல்லா வருஷமும் அவ்வளவு ஆகாது, மிஞ்சுவதைத் தொடாதீர்கள். இருபது வயதான கட்டடத்துக்குத் தளப்பூச்சை முழுசாகப் புதுப்பிக்கிற பெரிய செலவு சீக்கிரமே வரும், அதற்கு அது வேண்டும். இந்த வருஷம் ஜாலி, தட்டோட்டு இடுக்கு, சன்ஷேட் மூன்றையும் முதலில் முடித்துவிடுங்கள். சன்ஷேட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போட்டோவோடு கீழே எழுதினால், கொத்தனார் போதுமா பொறியாளர் வேண்டுமா என்று சொல்கிறேன்.