பழைய ஆபீஸ் கட்டடத்துக்குக் கண்ணாடி முகப்பு போடலாமா?

கேள்வி: சென்னை நுங்கம்பாக்கத்தில் எங்களுக்கு 1984-இல் கட்டிய நான்கு மாடி அலுவலகக் கட்டடம் இருக்கிறது. மேற்கு பார்த்த முகப்பு. பார்க்கப் பழசாகத் தெரிவதால் வாடகைக்கு வருபவர்கள் தயங்குகிறார்கள். சன்ஷேடையும் ஜன்னலுக்குக் கீழே உள்ள சுவரையும் உடைத்துவிட்டு, முன்பக்கம் முழுக்க டபுள் கிளேசிங் (இரண்டடுக்கு) கண்ணாடியும், அலுமினியத் தகடு ஒட்டிய ஏசிபி ஷீட்டும் போட்டால் ஏசி செலவு குறையும், சுற்றுச்சூழலுக்கும் நல்லது என்று கான்ட்ராக்டர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். முகப்பைப் புதுப்பியுங்கள், ஆனால் இந்த வழியில் வேண்டாம்.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். வெயில் காலத்தில் ஒரு நாள், மாலை நான்கு மணிக்கு மேற்குப் பக்க அறைக்குப் போய், ஒரு கையை ஜன்னல் கண்ணாடியிலும் இன்னொரு கையைப் பக்கத்துச் சுவரிலும் வையுங்கள். கண்ணாடி சுடும், சுவர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். உங்கள் காலத்துக் கட்டடங்களில் வெளிச்சுவர் பெரும்பாலும் ஒன்பது அங்குலச் செங்கல், இரண்டு பக்கமும் பூச்சு. வெளியே ஒரு டிகிரி சூடு கூடினால், ஒரு சதுர மீட்டர் சுவர் வழியாக உள்ளே வருவது ஏறத்தாழ 2 வாட். சாதாரண ஒற்றைக் கண்ணாடியில் அது 5.7. நடுவில் காற்று இடைவெளி விட்ட டபுள் கிளேசிங்கில்கூட 2.8 அளவில் இருக்கும். அதாவது, நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் சுவரை இடித்துவிட்டு, அதைவிடச் சுமாரான ஒன்றைப் பெரிய செலவில் வாங்கப் போகிறீர்கள்.

இதில் நேரடி வெயிலை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. மாலை நான்கு மணிக்கு மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்குச் சுமார் 600 வாட் விழும். சாதாரணக் கண்ணாடி அதில் 80 சதவீதம் வரை உள்ளே விட்டுவிடும். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு எரிசக்திச் சிக்கனக் கட்டட விதிகள், நம் ஊர் மாதிரி வெயில் ஊரில் மேற்கு ஜன்னல் 27 சதவீதத்துக்கு மேல் விடக்கூடாது, மொத்தச் சுவரில் கண்ணாடி 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கின்றன. அந்த விதிகள் பெரிய மின்சுமை உள்ள கட்டடங்களுக்கானவை, உங்களுடையது அதில் வராமல் போகலாம். ஆனாலும் கண்ணாடி வாங்கும்போது இந்த இரண்டு எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி முழுக்கக் கண்ணாடி போட்ட ஒரு அலுவலகத்தை நேரில் பார்த்திருக்கிறேன். மேற்குப் பக்கம் உட்காருகிறவர்கள் கண்ணாடியில் செய்தித்தாளை ஒட்டியிருந்தார்கள். அதனால் உள்ளே இருட்டு, பட்டப்பகலில் எல்லா லைட்டும் எரிந்தது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்புறம், புதிதாக வரும் பொருளின் கணக்கு. இதை யாரும் சொல்லமாட்டார்கள். நான்கு மில்லிமீட்டர் ஏசிபி ஷீட் என்பது இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, நடுவில் பிளாஸ்டிக். ஒரு சதுர மீட்டருக்கு 2.7 கிலோ அலுமினியம். புது அலுமினியத்தில் ஒரு கிலோ எடுக்க உலையில் மட்டும் ஏறக்குறைய 14 யூனிட் மின்சாரம் ஆகிறது, நம் நாட்டில் அது பெரும்பாலும் நிலக்கரி மின்சாரம். 500 சதுர மீட்டர் முகப்பு என்றால், ஷீட்டுக்கு மட்டுமே கிட்டத்தட்ட 19,000 யூனிட்! தகடும் பிளாஸ்டிக்கும் ஒட்டியே இருப்பதால் பின்னால் கழற்றும்போது பிரிப்பதும் கடினம். நடுவில் இருப்பது சாதாரண பாலிஎதிலீன் என்றால் தீ ஆபத்தும் உண்டு. 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் இறந்தார்களே, அங்கே தீ வேகமாக மேலே ஏறியதற்கு முக்கியக் காரணம் அந்த வகை ஷீட்தான். எங்காவது கொஞ்சம் போட்டே ஆகவேண்டும் என்றாலும், தீப்பிடிக்காத கனிம நடுப்பகுதி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, என்னதான் செய்வது? முதலில் சாரம் கட்டி, பூச்சைச் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். பொள்ளலாகச் சத்தம் வரும் இடத்தை மட்டும் கொத்தி எடுத்து, உள்ளே கம்பி துருப்பிடித்திருந்தால் சுத்தம் செய்து, திரும்பப் பூசினால் போதும். கடற்காற்று வீசும் ஊரில் இந்த வேலையைத் தள்ளிப்போடக்கூடாது.

சன்ஷேடை இடிக்காமல் அப்படியே விடுங்கள். ஆனால் மேற்கு வெயில் மூன்று மணிக்கு மேல் தாழ்ந்து வருவதால் படுக்கையாக நிற்கும் சன்ஷேடு மட்டும் அதைத் தடுக்காது. ஜன்னலுக்கு வெளியே சுடுமண் ஜாலியோ (ஓட்டை ஓட்டையாக இருக்கும் தடுப்பு), செங்குத்தான தடுப்புகளோ வேண்டும். உள்ளே திரை போட்டால் கண் கூசாது, அவ்வளவுதான். சூடு அதற்குள் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது. வெளியே தடுப்பதுதான் தடுப்பு. நல்ல ஜாலி வேலைப்பாடு கட்டடத்துக்குப் புது முகமும் கொடுத்துவிடும், வாடகைக்காரர்களின் தயக்கத்துக்கு அதுவே பதில்.

ஜன்னல் சட்டங்கள் உறுதியாக இருந்தால் கழற்றாதீர்கள். இடுக்குகளை அடைத்து, கண்ணாடியை மட்டும் மாற்றலாம். நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 2010 வாக்கில் 6,514 ஜன்னல்களைப் புதுப்பித்தபோது, கட்டடத்துக்குள்ளேயே ஒரு பட்டறை போட்டு, பழைய கண்ணாடியிலும் சட்டத்திலும் 96 சதவீதத்துக்கு மேல் திரும்பப் பயன்படுத்தினார்கள். அவ்வளவு பெரிய கட்டடத்திலேயே முடிந்தது.

இரண்டு விஷயங்களைக் கட்டாயம் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஒன்று, இடிபாடு எங்கே போகிறது என்பது. சதுப்பு நிலத்திலோ ஏரிக்கரையிலோ இரவோடு இரவாகக் கொட்டிவிட்டு வருவது நம் ஊரில் நடக்கிறது. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டட இடிபாடுகளை மறுசுழற்சி செய்யும் மையங்கள் இருக்கின்றன. அங்கே இறக்கியதற்கான ரசீது காட்டினால்தான் கடைசித் தவணை என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று பழைய பெயின்ட். பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. உங்கள் ஜன்னல் கம்பிகளில் அதற்கு முந்தைய பெயின்ட் பல பூச்சு இருக்கும். உலர்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூள் வேலையாட்களின் நெஞ்சுக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் கைக்கும் போகும். தண்ணீர் தெளித்துத் தேய்க்க வேண்டும், கீழே ஷீட் விரித்துத் தூளை அள்ள வேண்டும், வேலையாட்களுக்கு நல்ல மாஸ்க் தர வேண்டும்.

வேலை தொடங்கும் முன் கடந்த ஒரு வருட மின்கட்டண ரசீதுகளை எடுத்து வையுங்கள். முடிந்தபின் வரும் மே மாத ரசீதை, போன மே மாதத்தோடு வைத்துப் பார்க்கத் தேவைப்படும்.