குறைந்த செலவில் ஒரு வேட்டைத் துப்பாக்கியைக் குடும்பமாகச் சேர்ந்து உருவாக்க முடியுமா? யாராவது செய்திருக்கிறீர்களா?

செய்திருக்கிறோம். செலவு குறையும் என்று நம்பித்தான் இறங்கினோம், குறையவில்லை. வேலை செய்தது நான்கு பேர். பாதி வேலையைச் செய்தவர் கடைசிவரை அந்தத் துப்பாக்கியைத் தொடவே இல்லை. அவர் என் அப்பா.

முதலில் ஒன்று. நான் இருப்பது அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசனுக்கு மேற்கே. இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்கள் முயல வேண்டாம். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கும் நாட்டில் இது கம்பி எண்ண வைக்கும் வேலை. இங்கே இது பரம்பரைப் பழக்கம். நவம்பரில், நன்றி நவிலும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் மான் வேட்டைக் காலம். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உரிமம் வாங்கிக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள். அலுவலகத்தில் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும்.

என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. தோழிகள் எல்லாம் போகிறார்கள் என்று அவளும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்து சான்றிதழ் வாங்கிவிட்டாள். (1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோருக்கும் இங்கே அந்தச் சான்றிதழ் வேண்டும். அதனால் அவளோடு நானும் பரீட்சை எழுதினேன். அவள் மதிப்பெண்தான் அதிகம்.) சிக்கல் என்னவென்றால் அவள் இடதுகைக்காரி, உயரமும் குறைவு. கடையில் மலிவாகக் கிடைப்பதெல்லாம் வலதுகை ஆட்களுக்கு, அதுவும் வளர்ந்த ஆண்களுக்கு அளவெடுத்தவை.

ஒரு பழைய துப்பாக்கிக் கடையில், மூலையில், இடதுகை சாவேஜ் 110 ஒன்று இருந்தது. 1958-ல் வந்த மாடல் அது. அடுத்த வருடமே இடதுகைக்காரர்களுக்கும் அந்த நிறுவனம் செய்யத் தொடங்கிவிட்டது. குண்டு அளவு 243 வின்செஸ்டர். மானுக்குப் போதும், பிள்ளையின் தோளையும் அதிகம் இடிக்காது. ஆனால் கட்டை, அதாவது இரும்பைத் தாங்கித் தோளில் ஊன்றும் மரப் பகுதி, கழுத்தில் விரிசல் விட்டுக் கிடந்தது. அதனால்தான் 260 டாலர். படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து கையில் வந்தது. புதுக் கட்டையை முக்கால்வாசி குடைந்த நிலையில் விற்கிறார்கள். வால்நட் மரத்தில் அப்படி ஒன்று 110 டாலருக்கு வாங்கினேன். மீதிக் கால்வாசியை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்ற துணிச்சலுக்குக் காரணம், அந்தக் கோடையில் அப்பா வந்திருந்தார்.

அப்பா காரைக்குடிப் பக்கத்தில் நாற்பது வருடம் தச்சு வேலை பார்த்தவர். பர்மாத் தேக்கு நிலைக்கதவுகளைப் பழுது பார்ப்பதில் அந்தப் பக்கத்தில் பெயர் உண்டு. ஆனால் அவர் வந்தது பி-2 சுற்றுலா விசாவில். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. எச்1பி நண்பர்களே, இது உங்களுக்கும் பொருந்தும். ஒரு விலக்கு உண்டு: செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை உரிமம் கையில் இருந்தால் தடை இல்லை. அப்பாவிடம் சொன்னேன். "சுத்த சைவக்காரனுக்கு மான் சுடுற லைசென்ஸா?" என்று கேட்டுவிட்டு உளியைத் தீட்டப் போய்விட்டார்.

சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி என்பது இரும்பு உடல்தான். வெறும் கட்டை வெறும் மரம். எனவே எங்கள் வீட்டில் எல்லை பிரித்தோம். இரும்பு இருப்பது நிலவறையில், பூட்டிய பெட்டிக்குள், சாவி என்னிடம். மரம் கார் ஷெட்டில், அப்பாவிடம்.

இதில் ஒரு தொல்லை. இரும்பு மரத்தில் ஒட்டி உட்கார வேண்டுமானால், எங்கே இடிக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சுரண்ட வேண்டும். அதற்கென்று ஒரு கறுப்புக் களிம்பு விற்கிறார்கள். இரும்பில் அதைப் பூசி மரத்தில் அழுத்தினால், இடிக்கும் இடத்தில் கறை படியும். அப்பா டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு, "விளக்குக் கரியும் எண்ணெயும்தானே, இதுக்கு எதுக்குக் காசு?" என்றார். என் மனைவி ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தன் கண்மை டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். அதில்தான் முழு வேலையும் நடந்தது. நான் கீழே இரும்பில் மை தடவி மரத்தில் அழுத்திப் பிரிப்பேன். இரும்பைப் பெட்டிக்குள் பூட்டுவேன். மகள் மரத்தைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடுவாள். அப்பா கறை பட்ட இடத்தை மட்டும் காகித கனத்துக்குச் சீவித் திருப்பி அனுப்புவார். ஒரு சனி ஞாயிறில் முப்பது தடவையாவது படி ஏறி இறங்கியிருப்பாள். "ஐயா, இன்னும் எத்தனை தடவை?" என்று அவள் கேட்டால், "மரம் போதும்னு சொல்ற வரைக்கும்" என்பார். எங்கள் பக்கத்தில் தாத்தாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம்.

அளவு விஷயத்தில் அவரோடு எனக்கு வாக்குவாதமே வந்தது. விசைக்கும் கட்டையின் பின்முனைக்கும் இடையில் உள்ள நீளம்தான் முக்கியம். பெரியவர்களுக்குப் பொதுவாக 13.5 அங்குலம் இருக்கும். மகளின் முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல்வரை அப்பா நூல் பிடித்து, 12.5 போதும் என்றார். வளர்கிற பிள்ளை, அப்படியே விடுங்கள் என்றேன். வளர்வாள் என்று யாராவது ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கல்யாண ரவிக்கை தைப்பார்களா என்று கேட்டார். அறுத்தார். அறுத்த துண்டில் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டுத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "தூக்கிப் போட்றாத."

உப்புத்தாள், பிறகு எண்ணெய். மெல்லிய பூச்சு, ஒரு நாள் காயவிட்டு அடுத்தது. எட்டுப் பூச்சு. உள்பக்கக் குடைவுக்கும் எண்ணெய் போடச் சொன்னார். யாருக்குத் தெரியப்போகிறது என்று உள்ளே ஒரே பூச்சோடு நிறுத்திக்கொண்டேன்.

இலக்கைக் காட்டும் ஸ்கோப்பில் மிச்சம் பிடிக்காதீர்கள். மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு பெருக்கும் சாதாரண ஸ்கோப் 150 டாலர், அதைப் பிடிக்கும் வளையங்களும் அடித்தகடும் 45 டாலர். திருகுகளை, எவ்வளவு இறுகியது என்று அளந்து காட்டும் முடுக்கியால்தான் இறுக்க வேண்டும். கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் மாட்டினால் பின்னுதைப்பில் புருவம் கிழியும். என் வலது புருவத்தில் அதற்குச் சாட்சி இருக்கிறது. அது வேறொரு துப்பாக்கி, வேறொரு முட்டாள்தனம்.

செப்டம்பரில் சுடுதளத்துக்குப் போனோம். முதலில் 25 கஜத்தில் சரி பார்த்துவிட்டுப் பிறகு 100 கஜம். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். ஸ்கோப் திருகின் ஒரு 'டிக்' 100 கஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும், 25 கஜத்தில் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குதான். 25-ல் எல்லாம் அழகாக இருந்தது. 100-ல் ஆறு அங்குலத்துக்குச் சிதறியது. அதுவும் சுடச்சுட வலப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போனது. மகள்தான் சுட்டாள் என்று அவளைக் குறை சொன்னேன். நான் சுட்டுப் பார்த்தேன், அதே கதை. ஸ்கோப்பைத் திட்டினேன், தோட்டாவைத் திட்டினேன். இரண்டு பெட்டி, எழுபது டாலருக்கு மேல், மண்மேட்டுக்குள் போனது.

வீட்டுக்கு வந்து புலம்பியபோது அப்பா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "இந்த வாரம் பூரா மழைதானே?"

ஆமாம்.

"உள்ளுக்கு எத்தனை பூச்சு எண்ணெய் போட்ட?"

அவ்வளவுதான் விசாரணை. குழல் மரத்தை எங்கும் தொடாமல் மிதக்க வேண்டும். ஒரு டாலர் நோட்டை இடையில் விட்டு இழுத்தால் தடையில்லாமல் வர வேண்டும் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் சோதனை. மரம் ஈரம் குடித்து உப்பி, ஒரு பக்கம் குழலை நெருக்கிக்கொண்டிருந்தது. குழல் சூடாக ஆக அந்த நெருக்கல் குண்டைத் தள்ளியது. மழைக்காலத்தில் கதவு நிலையில் சிக்குவதை ஆயுள் முழுக்கப் பார்த்தவருக்கு இதைக் கண்டுபிடிக்கத் துப்பாக்கியைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. மரத்தை மட்டும் கழற்றிக் கொடுத்தேன். ஒரு வாரம் காயவிட்டு, குடைவை அரை மில்லிமீட்டர் அகலப்படுத்தி, உள்ளேயும் முனைகளிலும் எண்ணெய் ஊறவிட்டார். மாட்டியதும் சோதிக்க நான் டாலர் நோட்டைத் தேட, தன் பர்ஸிலிருந்து பத்து ரூபாய் நோட்டை எடுத்து மகளிடம் கொடுத்து அனுப்பினார். வழுக்கிக்கொண்டு வந்தது. அடுத்த முறை 100 கஜத்தில் மூன்று குண்டும் ஒன்றரை அங்குலத்துக்குள்.

கணக்கு: துப்பாக்கி 260, கட்டை 110, ஸ்கோப்பும் பிடியும் 195, எண்ணெய் 10, தோட்டா 150. மொத்தம் 725 டாலர். பெரிய கடைகளில் ஸ்கோப்போடு புதுத் துப்பாக்கியே இதைவிடக் குறைவாகக் கிடைக்கும். பணம்தான் முக்கியம் என்றால் அதை வாங்கிவிடுங்கள். உடம்பு அளவுக்கு ஒத்துவராதவர் யாராவது வீட்டில் இருந்தால் மட்டும் இந்தப் பாட்டைப் படுங்கள்.

அப்பா அக்டோபரில் ஊருக்குப் போய்விட்டார். நவம்பரில் ஆரஞ்சு மேலங்கி போட்டுக்கொண்டு நானும் மகளும் போனோம். முதல் நாள் குளிர் மட்டும்தான் கிடைத்தது. இரண்டாம் நாள் ஒரு பெட்டை மான் வந்தது. பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை என்று அவள் சுடவில்லை. வகுப்பில் அப்படித்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் மாலை கிடைத்தது. தலையை இலவசச் சோதனைக்குக் கொடுத்தோம். மான்களைத் தாக்கும் சி.டபிள்யூ.டி. என்ற மூளை நோய் இந்த மாநிலத்தில் 2002-ல் முதலில் தெரிந்தது, எங்கள் பக்கத்து மவுண்ட் ஹோரப் அருகே சுட்ட மான்களில்தான். முடிவு வரும்வரை கறியை உறைபெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். நோய் இல்லை என்று வந்த பிறகுதான் மிளகு போட்டு வறுத்தோம்.

மகள் அதன் பிறகு மூன்று அங்குலம் வளர்ந்துவிட்டாள். போன மாதம் அந்தத் துணி மூட்டையைப் பிரித்து, அம்புக்குறி பார்த்து, அறுத்த துண்டைத் திரும்ப வைத்து இரண்டு திருகு போட்டோம். கூடுகிற இடத்தில் கோடு தெரிகிறது. வீடியோ அழைப்பில் காட்டியபோது அப்பா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "மேல் திருகைக் கால் சுத்து லூஸ் பண்ணு" என்றார்.