ஆண்டு விருந்துக்கு முதலில் மண்டபமா, ஆள் கணக்கா?

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் 120 பேர். மலாய்க்காரர், சீனர், தமிழர், நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளர் எல்லாரும் இருக்கிறார்கள். டிசம்பர் ஆண்டு விருந்துக்கு முதலாளி 12,000 ரிங்கிட் ஒதுக்கியுள்ளார். ஜார்ஜ்டவுன் ஹோட்டல் ஒன்று தலைக்கு 80 பிளஸ் பிளஸ் கேட்கிறது. வெள்ளிக்கிழமை இரவு மண்டபம் காலியாம். முன்பணம் கட்டிவிடலாமா?
– வாசகி, பிறை

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பிளஸ் பிளஸ் என்றால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 6 விழுக்காடு சேவை வரியும் மேலே ஏறும். 80 ரிங்கிட் கிட்டத்தட்ட 93 ஆகிவிடும். 120 பேருக்கு 11,000-ஐத் தாண்டும். மிஞ்சும் 800 சொச்சத்தில் பஸ்ஸும் பரிசும் ஒலிபெருக்கியும் எப்படி அடங்கும்? 65 பிளஸ் பிளஸ்ஸுக்குள் பேசி முடித்தால் சாப்பாடு 9,000 சுமாரில் நின்று, ஏறக்குறைய 3,000 கையில் இருக்கும்.

அடுத்தது நாள். வெள்ளிக்கிழமை நம்மவர் பலர் கவிச்சி தொடமாட்டார்கள். டிசம்பரில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களும் இருப்பார்கள். சீனர்களில் சிலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். அதோடு இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் அன்று வரவே முடியாது; ஆண்டு முழுக்க உழைத்தவர்களில் பாதிப் பேரை வெளியே நிறுத்திவிட்டு நடத்துவது விருந்தே அல்ல. இரண்டு ஷிப்டுக்கும் ஓய்வான நாளைக் கணக்கெடுத்து, அதற்கேற்ற மண்டபம் தேடுங்கள். ஆட்கள் எல்லாரும் பிறையில் இருக்கும்போது பாலம் தாண்டி, ஜார்ஜ்டவுன் இருக்கும் தீவுக்குப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. செபராங் பிறையிலேயே பாருங்கள், பஸ் செலவு குறையும்.

இரவு விருந்து என்றால் தொழுகை நேரம் முக்கியம். டிசம்பரில் பினாங்கில் 7 மணி தாண்டியதும் மக்ரிப் என்னும் அந்தித் தொழுகை வந்துவிடும். 7 மணிக்கு முதலாளி பேசத் தொடங்கினால் பாதி நாற்காலி காலியாக இருக்கும். 6.30-க்குக் கதவைத் திறந்து தேநீர் கொடுங்கள். 7.40-க்குச் சாப்பாடு, உரை அதற்குப் பிறகு, அதுவும் 10 நிமிடம் போதும். சூராவ் (தொழுகை அறை) எந்த மாடியில் இருக்கிறது என்று அழைப்பிதழிலேயே எழுதிவிடுங்கள்.

ஹலால் விஷயத்தில் ஏமாறுவது ஓரிடத்தில்தான். 'பன்றி இறைச்சி இல்லை' என்ற பலகை ஹலால் சான்றிதழ் ஆகாது. ஜாகிம் (மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) அல்லது மாநில இஸ்லாமியச் சமயத் துறையின் சான்றிதழ் சமைக்கப்போகும் அதே சமையலறையின் பெயரில் இருக்கிறதா, காலாவதித் தேதி தாண்டவில்லையா என்று பாருங்கள். தமிழரையும் நேப்பாளத் தொழிலாளரையும் நினைத்து மாட்டிறைச்சியை மெனுவிலிருந்தே எடுத்துவிடுங்கள். கோழி, மீன், ஆடு போதும்.

சைவம் எத்தனை பேர் என்று கேட்கும்போதே முட்டை ஆகுமா, வெங்காயம் பூண்டு ஆகுமா என்றும் கேளுங்கள். சீனச் சைவத்தில் பூண்டு, வெங்காயம் சேர்க்காதவர் பலர். 20 பேர் சைவம் என்று எழுதிக் கொடுத்தால் 35 பேருக்குச் சமைக்கச் சொல்லுங்கள். அசைவக்காரர்களும் நல்ல பனீரைக் கண்டால் ஒரு கரண்டி வைத்துக்கொள்வார்கள். கடைசியில் வரும் சைவக்காரருக்கு வெறும் சோறுதான் மிஞ்சும். சைவத்துக்குத் தனி மேசை, தனிக் கரண்டி. புஃபே மேசையைச் சுவரோரம் தள்ளாமல், இரண்டு பக்கமும் வரிசை போகும்படி நடுவில் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் 120 பேர் சாப்பாடு எடுத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும்.

கேள்வி: அலுவலகத்தில் 60 பேருக்குத் தீபாவளி மதிய விருந்து. சென்ற ஆண்டு குருமா புளித்துப்போய் மூன்று பேருக்கு வயிற்றுக் கோளாறு. அடியில் தீ வைத்த பாத்திரத்தில்தானே வைத்திருந்தோம், எங்கே தவறு?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: அந்தப் பாத்திரம் சூட்டைக் காக்குமே தவிர, ஆறிய சாப்பாட்டைச் சூடாக்காது. விடியற்காலை 5 மணிக்குச் சமைத்து, 9 மணிக்குக் கொண்டுவந்து, பகல் 12-க்குத் தீ மூட்டினால் அதற்குள் ஏழு மணி நேரம் போய்விட்டது. கிருமி பெருகுவது 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை உள்ள சூட்டில்தான். தேங்காய்ப்பால் சேர்த்த குருமாதான் முதலில் கெடும். சோறும் அப்பாவி அல்ல. அரிசியில் உள்ள சில நுண்ணுயிர் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை, வெதுவெதுப்பில் மறுபடி முளைத்துவிடும்.

சமையல் 10.30-க்கு முடிந்து, 11.30-க்கு வந்து சேரும்படி கேட்டரிங்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். பாத்திரத்தின் அடித்தட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதிநீர் ஊற்றி, சாப்பாடு வருவதற்கு 15 நிமிடம் முன்பே தீயை மூட்டுங்கள். குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள். குருமாவின் நடுவில் 60-க்குக் கீழே காட்டினால், வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். தயிர்ப் பச்சடி ஐஸ் மேல் இருக்கட்டும். 2.30-க்கு மேல் மிஞ்சியதை யாரும் வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டாம். கை வராதுதான், ஆனாலும் கொட்டிவிடுங்கள்.

அளவு: பிரியாணிக்கு பாஸ்மதி 7 கிலோ, எலும்போடு கோழி 9 கிலோ, ஆடு 6 கிலோ. பத்து வகை வைத்து எல்லாவற்றையும் குறைப்பதைவிட ஐந்து வகையைத் தாராளமாக வையுங்கள். முஸ்லிம் நண்பர்கள் தயங்காமல் சாப்பிட, ஹலால் சான்றிதழ் உள்ள கேட்டரிங்காரரிடமே கொடுங்கள். வீட்டு முறுக்கையும் அதிரசத்தையும் தனித் தட்டில், யார் வீட்டில் செய்தது என்று எழுதி வைத்துவிடலாம்.

கேள்வி: அதிர்ஷ்டக் குலுக்கில் ஆண்டுதோறும் சச்சரவு. என்ன செய்யலாம்?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: முதலாளி, மேலாளர்கள், ஏற்பாட்டுக் குழு ஆகியோரின் சீட்டுகள் பெட்டிக்குள் போகக் கூடாது. ஷிப்டில் இருப்பவர் பெயர் விழுந்தால் பரிசு அவருக்கே சேரும். சொல்லாமல் பாதியில் கிளம்பியவருக்கு இல்லை. இதை ஒரு வாரம் முன்பே அறிவிப்புப் பலகையில் மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் ஒட்டுங்கள். விருந்துக்கு வருபவர்களின் சீட்டை வாசலில் வருகைக் கையெழுத்து வாங்கும்போது கொடுங்கள். மேசையில் வைத்தால் ஒருவரே மூன்று எடுத்துவிடுவார். பெரிய பரிசைக் கடைசியில் வையுங்கள், ஆனால் 10 மணிக்குள் முடியுங்கள். வாடகை பஸ் காத்திருக்காது.

கேள்வி: விருந்துச் செலவை நிறுவனம் வரிக் கணக்கில் கழிக்க முடியுமா?
– வாசகி, புக்கிட் மெர்தாஜம்

பதில்: ஊழியர்களுக்காக நடத்தும் விருந்தென்றால் முழுச் செலவையும் கழிக்கலாம். வாடிக்கையாளருக்கென்று நடத்தி, ஊழியர் உடன் வந்தார்கள் என்றால் அந்தச் சலுகை இல்லை. ஆகவே வாடிக்கையாளர் விருந்தைத் தனி நாளில், தனி ரசீதில் வையுங்கள். ஊழியர் விருந்தின் ரசீதோடு வருகைக் கையெழுத்துத் தாளையும் சேர்த்துக் கோப்பில் போட்டு ஏழு ஆண்டு பத்திரப்படுத்துங்கள்.