மேயும் மாடு எவ்வளவு தின்கிறது? கணக்கிடும் வழி

கேள்வி: என் பசுக்கள் காலை முதல் மாலை வரை மேய்ச்சலில்தான் இருக்கின்றன. கொட்டிலில் போடும் தீவனம் என்றால் எடை போட்டுவிடலாம். வெளியே எவ்வளவு தின்கின்றன, எதைத் தின்கின்றன என்று தெரியாமல் அடர் தீவனத்தை (தவிடு, பிண்ணாக்கு போன்றவை) எப்படி முடிவு செய்வது?

பதில்: மேயும் மாட்டின் தீனியைத் துல்லியமாகச் சொல்ல ஆராய்ச்சி நிலையங்களே திணறுகின்றன. அதனால் ஒரே கணக்கை நம்பாதீர்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று வழிகளில் போட்டுப் பாருங்கள். விடைகள் நெருங்கி வந்தால் அதை வைத்துத் தீவனம் வைக்கலாம்.

முதலில் உடல் எடை. முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை நீளத்தையும் செ.மீ.யில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 160, நீளம் 135 என்றால் ஏறக்குறைய 320 கிலோ. மாடு ஒரு நாளில் தன் எடையில் 2 முதல் 3 சதவீதம் உலர்பொருள், அதாவது ஈரத்தை நீக்கினால் மிஞ்சும் தீவனம், தின்னும். 2.5 என்று வைத்தால் 8 கிலோ. பசும்புல்லில் உலர்பொருள் 20 சதவீதம்தான் என்றால், 40 கிலோ புல் உள்ளே போக வேண்டும்.

இது மாட்டால் தின்ன முடிகிற அளவு. அவ்வளவு கிடைத்ததா என்று பார்க்க வாயைக் கவனிக்க வேண்டும். ஒரு பசுவின் அருகில் நடந்து, நிமிடத்துக்கு எத்தனை கடி என்று எண்ணுங்கள். அது கடிக்கும் அதே செடியை, அதே உயரத்தில், அதே அளவு கையால் பறித்துச் சேருங்கள். நூறு கடிக்கான தழையை உலர்த்தி எடை போட்டால் ஒரு கடியின் எடை தெரியும். நிமிடத்துக்கு 40 கடி, கடிக்கு 0.4 கிராம், உண்மையில் மேய்ந்தது 8 மணி நேரம் என்றால் 7.7 கிலோ. படுத்து அசைபோடுவதையும் நடப்பதையும் மேய்ச்சல் நேரத்தில் சேர்க்கக் கூடாது. காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் எண்ணுங்கள், வேகம் மாறிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் சாணம். 24 மணி நேரச் சாணத்தின் உலர் எடையை, தீவனத்தில் செரிக்காமல் போகும் பங்கால் வகுத்தால் தின்ற அளவு வரும். உலர் சாணம் 3.2 கிலோ, செரிமானம் 60 சதவீதம் என்றால் 3.2-ஐ 0.4-ஆல் வகுக்க 8 கிலோ. செரிமானம் 65 சதவீதம் என்று வைத்தாலோ அதே சாணத்துக்கு 9 கிலோவுக்கு மேல் வந்துவிடும். இந்த முறையில் சறுக்குகிற இடம் இதுதான். பகலில் அடர் தீவனமும் கொடுத்திருந்தால், அதிலிருந்து வந்த சாணத்தை முதலில் கழித்துவிடுங்கள்.

ஆய்வகங்களில் 1980-களிலிருந்து இலை மெழுகில் உள்ள ஆல்கேன்களை (கார்பனும் ஹைட்ரஜனும் சங்கிலியாகச் சேர்ந்த பொருள்கள்) பயன்படுத்துகிறார்கள். புல்லில் இயல்பாக இருப்பது 33 கார்பன் உள்ளது. 32 கார்பன் உள்ளதை அளந்து ஊட்டி, சாணத்தில் இரண்டின் விகிதத்தைப் பார்த்துத் தின்ற அளவைக் கணக்கிடுவார்கள். இரண்டும் குடலில் ஏறக்குறைய ஒரே அளவில் இழக்கப்படுவதால் அந்தப் பிழை ஒன்றையொன்று அடித்துவிடும். சாணத்தையும் முழுதாகச் சேகரிக்க வேண்டியதில்லை.

எதைத் தின்கிறது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வயலில் சதுரம் போட்டு அறுத்த புல்லை ஆய்வகத்துக்கு அனுப்பினால், வரும் முடிவு வயலைப் பற்றியது, மாட்டைப் பற்றியது அல்ல. மாடு தண்டை விட்டு இலையை எடுக்கும், காய்ந்ததை விட்டுப் பச்சையை எடுக்கும். கையால் பறித்த அந்தக் கடி மாதிரியையே அனுப்புங்கள். சாணத்தை நுண்ணோக்கியில் பார்க்கும் முறையும் உண்டு. ஆனால் மென்மையான இலைகள் நன்றாகச் செரித்துவிடுவதால் அவை குறைவாகவே தென்படும். வெப்பமண்டலப் புல்லும் மரத்தழையும் கலந்து மேயும் இடத்தில், சாணத்தில் உள்ள கார்பன்-13 (கார்பனின் சற்றுக் கனமான வகை) அளவே இரண்டின் பங்கைக் காட்டிவிடும். அந்தப் புற்களில் அது கூடுதல்.

அடர் தீவனத்தைக் கூட்டும்போது மாடு மேய்வதைக் குறைத்துக்கொள்ளும். அதனால் அளவை மாற்றி இரண்டு வாரம் கழித்து, கடியை மறுபடி எண்ணுங்கள்.