ராத்திரி நாலு தடவை எழும்புகிறீர்களா?

கருங்கல் பக்கமிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு,

மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), மட்டிப்பழம், சம்பா அரிசி என்று ஒவ்வொன்றின் கிளைசெமிக் எண்ணையும், அதாவது அது ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் எண்ணையும், போனில் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். நடுவில் ஒரே வரி: 'ராத்திரி நாலு தடவை எழும்புகிறேன், பக்கத்தில் வைக்கும் செம்புத் தண்ணீரும் தீர்ந்துவிடுகிறது.' என் பதில் அந்த வரிக்குத்தான்.

இரண்டு மாதத்தில் 6 கிலோ குறைந்தது, அந்த எண் குறைந்ததாகப் பார்த்துச் சாப்பிடும் இந்த உணவுமுறையால்தான் என்று நம்புகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிளைசெமிக் எண் குறைந்த உணவு, ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகத்தைத் தணிக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியையும் ஓரளவு இறக்கும். ஆனால் சாப்பாட்டின் அளவு குறையாமல், அது மட்டும் கொழுப்பை இந்த வேகத்தில் கரைக்காது. தாகம், அடிக்கடி சிறுநீர், எடை இறக்கம் மூன்றும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது சர்க்கரை நோயைத்தான். சர்க்கரை சிறுநீரில் வீணாகப் போகும். உடம்பு தன் தசையையும் கொழுப்பையும் எரித்துக்கொண்டிருக்கும். அம்மாவுக்குச் சர்க்கரை என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயமும் அதுதானே?

நாளைக் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். சர்க்கரை 126 மி.கி.யைத் தொட்டாலோ, அந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதத்தைத் தொட்டாலோ உடனே டாக்டரைப் பாருங்கள். சிறுநீரில் கீட்டோனும் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் வந்தால் ரிசல்டுக்குக் காத்திருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், அம்மாவின் மாத்திரையில் பாதியை 'பாதுகாப்புக்கு' விழுங்குகிறீர்களாம். படித்ததும் கோபம் வந்தது. சில சர்க்கரை மாத்திரைகள், சாப்பாட்டைக் குறைத்திருக்கும் ஆளை மயங்கி விழவைக்கும். இன்றோடு நிறுத்துங்கள்.

மட்டிப்பழம் ஒன்று தின்றால் ஒன்றும் ஆகாது. காப்பியில் சீனிக்குப் பதில் கருப்பட்டி போடுவதால் லாபமில்லை, அதுவும் சர்க்கரைதான். மரச்சீனியை அடியோடு விடவும் வேண்டாம். நம் ஊரில் தட்டு நிறையக் கிழங்கு, ஓரத்தில் ஒரு துண்டு மீன் என்று வைப்போம். அதை மாற்றுங்கள்: இரண்டு துண்டு கிழங்கு, நாலு சாளை, கூடவே பயறுத் தோரன். கிளைசெமிக் எண் என்பது ஒரு உணவைத் தனியாகக் கொடுத்து அளந்தது. மீனும் பயறும் சேரும்போது கிழங்கின் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும்.

ரிசல்ட் வரும்வரை பட்டினி கிடக்க வேண்டாம். மூன்று வேளையும் சாப்பிடுங்கள், தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள்.