முதன்முறை வருபவருக்கு உங்கள் இணையத்தளத்தில் வழி தெரியவில்லையா?

கேள்வி: நிலாவெளியில் ஐந்து அறைகள் உள்ள விடுதி நடத்துகிறேன். எங்கள் இணையத்தளத்துக்குப் புதிதாக வருபவர்கள் வாடகையையும் பாதையையும் கண்டுபிடிக்க முடியாமல் தொலைபேசியில் கேட்கிறார்கள். "இங்கே அழுத்துங்கள், அடுத்து இங்கே" என்று காட்டும் பெட்டிகளைச் சேர்க்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார் தளத்தை வடிவமைத்தவர். சேர்க்கலாமா?
வாசகி, திருகோணமலை

பதில்: வேண்டாம், சகோதரி. அத்தகைய பெட்டியைப் பலர் படிக்காமலே மூடுவார்கள். கைப்பேசியில் மூடும் குறி விரலுக்கு அகப்படாவிட்டால் தளத்தையே விட்டுப் போய்விடுவார்கள். ஐந்து அறை வீட்டுக்குள் வழிகாட்ட ஆள் வைக்க வேண்டியிருந்தால், வீடு கட்டியவரிடம்தான் பிழை. அந்தப் பிழைக்கு அவரே உங்களிடம் மீண்டும் பணம் கேட்கிறார்.

வருபவருக்குத் தேவை நான்கு: அறை எப்படி, வாடகை எவ்வளவு, எப்படி வருவது, யாரை அழைப்பது. இவை முதல் திரையிலேயே எழுத்தில் தெரியட்டும். மூலையில் உள்ள மூன்று கோடுகளுக்குள் ஒளிக்காதீர்கள். அதைத் தொட்டால் பட்டியல் திறக்கும் என்பதை அறியாதவர்கள் ஏராளம். "வாடகை" என்பதை "வாடகை" என்றே எழுதுங்கள், "எமது அனுபவங்கள்" என்றல்ல. தொலைபேசி எண்ணைப் படத்துக்குள் பொறிக்காமல், தொட்டால் அழைப்புப் போகும்படி வையுங்கள். 026 என்று மட்டும் போட்டால் வெளிநாட்டிலிருப்பவர் திண்டாடுவார்; +94 26 என்று தொடங்குங்கள், முன்னாலுள்ள பூச்சியம் அதில் வராது.

தமிழை எல்லாக் கருவிகளிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட் முறையில் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது பிறர் கைப்பேசியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். மொழிபெயர்க்காத பக்கத்துக்கு மொழிப் பொத்தானும் வேண்டாம். 1987இல் தமிழும் அரச கரும மொழி என்று இலங்கை அரசியலமைப்பில் எழுதினார்கள். இன்றும் "தமிழ்" என்பதை அழுத்தினால் ஆங்கிலப் பக்கம் திறக்கும் அரச தளங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். அந்த அவமதிப்பை நாமும் செய்யலாமா?

முதல் திரையில் இந்த நான்கைத் தவிர வேறொன்றுக்கு மட்டுமே இடமுண்டு: கடல். மாரியில் கடல் கொந்தளிக்கும்போது நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவுக்குப் படகு போகாது. தெரியாமல் வந்து இறங்குபவர் உங்களைத்தான் நோவார். ஆகவே "இன்று கடல் சரியில்லை, படகு இல்லை" என்று உச்சியில் ஒரு வரி போடுங்கள். திகதியும் வேண்டும். பெட்டியாக எழும்பாமல் வரியாகவே இருக்கட்டும். கடல் அடங்கிய அன்றே எடுத்துவிடுங்கள். மார்கழி அறிவித்தல் சித்திரையிலும் தொங்கினால், விடுதியைப் பூட்டிவிட்டார்கள் என்றே நினைப்பார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? வடிவமைப்பவர்களில் சிலர் தங்கள் பெயரில் பதிந்து வைத்துக்கொண்டு, பிறகு கேட்ட தொகையைக் கொடுத்தால்தான் விடுவார்கள். என்னிடம் வந்த ஒருவர் பெயர்ப்பலகை, விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலும் அச்சடித்த முகவரியை அப்படித்தான் இழந்தார். பதிவுக் கணக்கில் உங்கள் பெயரும் உங்கள் மின்னஞ்சலும் இருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள். கடவுச்சொல்லைக் கையில் வாங்குங்கள். புதுப்பிக்கும் திகதியைச் சுவர் நாட்காட்டியில் குறியுங்கள்.

தளத்தைத் திருத்தியதும், அதை ஒருநாளும் பாராத ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, "இரண்டு பேருக்கு ஓரிரவு எவ்வளவு என்று பாருங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். வாய் திறக்காமல் அவர் விரலைக் கவனியுங்கள். அது எங்கே தயங்குகிறதோ அங்கேதான் திருத்தம் வேண்டும். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்படும் என்று இணையத்தளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் அறிஞர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். உங்கள் பிள்ளைகளிடம் மட்டும் கொடுக்காதீர்கள். எது எங்கே இருக்கிறதென்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.