ரேடியேட்டர் ஃபேன்: சுவிட்சா, ரிலேயா, வெறும் எர்த்தா?

சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, ஹைவேயில் இறங்கிவிடுகிறது. மெக்கானிக் ஃபேன் மோட்டாரை மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போது ஃபேன்தான் கதி. ஆகவே ஃபேன் பக்கம் சந்தேகப்படுவது சரி. ஆனால் மோட்டார் கடைசி.

எஞ்சினை ஓடவிட்டு ஏசி போடுங்கள். பெரும்பாலான கார்களில் ரேடியேட்டர் ஃபேனும் உடனே சுற்றும். சுற்றினால் மோட்டார் நல்லது, கோளாறு சூட்டை உணரும் சுவிட்சிலோ சென்சாரிலோ இருக்கிறது. சுற்றாவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். 30 அல்லது 40 ஆம்பியர் இருக்கும். அதுவும் சரியென்றால் ரிலேயை (சிறு மின்சாரத்தால் ஃபேனின் பெரிய மின்சாரத்தை ஆன் செய்யும் குட்டி சுவிட்ச்) பிடுங்கி, சாக்கெட்டில் 30-ஆம் பின்னுக்கு பேட்டரி சப்ளை வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். வந்தால் 30-ஐயும் ஃபேனுக்குப் போகும் 87-ஐயும் தடித்த வயரால் ஒரு நொடி இணையுங்கள். ஃபேன் சுற்றினால் குற்றவாளி ரிலே, அல்லது அதற்கு உத்தரவு கொடுக்கும் பக்கம்.

அப்போதும் அசையவில்லையா? மோட்டாரைக் குறை சொல்லும் முன் எர்த்தை, அதாவது மோட்டாரின் நெகட்டிவ் வயர் வண்டியின் பாடியில் சேரும் இடத்தை, பாருங்கள். புது மோட்டார் போட்டும் சுற்றவில்லை என்று ஒருவர் என்னிடம் வந்தார். பாடியில் இருந்த எர்த் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சை பூத்துக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினேன், சுற்றியது. பழைய மோட்டாரும்தான் சுற்றியது.

ரிலே 'டிக்' என்கிறது. அப்படியென்றால் நல்லதுதானே?

சொல்ல முடியாது. அந்தச் சத்தம் ரிலேக்குள் இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) இழுக்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. 85, 86 பின்களுக்கு நடுவே 50 முதல் 120 ஓம் வரை காட்டினால் காயில் சரி. ஆனால் உள்ளே ஃபேன் மின்சாரம் பாயும் கான்டாக்ட் (தொடுமுனை) கருகியிருந்தால், மல்டிமீட்டரில் 'பீப்' அடிக்கும், ஃபேன் கேட்கிற பத்து, பதினைந்து ஆம்பியரைத் தாங்காது. அதே நம்பர் போட்ட ஹாரன் ரிலேயை மாற்றிச் செருகிப் பாருங்கள், காசில்லாத சோதனை. அப்படியே சாக்கெட் பின் பழுத்து, பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். லூஸ் பின் இருந்தால் புது ரிலேயும் அதே கதிதான்.

சாவியை எடுத்த பிறகும் ஃபேன் நிற்பதில்லை. காலையில் பேட்டரி டவுன்.

சில கார்களில் எஞ்சின் நின்றபின் சில நிமிடம் சுற்றுவது வழக்கம்தான். அரை மணி நேரம் சுற்றினால் ரிலே கான்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஸ்க்ரூடிரைவர் பிடியால் ரிலேயைத் தட்டுங்கள்; நின்றால் அதுதான். அன்றைக்கு வீடு போய்ச் சேரலாம், மறுநாள் புதிது வாங்கிவிடுங்கள்.

பழைய கார். ரேடியேட்டரில் திருகியிருக்கும் ஃபேன் சுவிட்சை எப்படிச் சோதிப்பது?

இக்னிஷன் ஆனில் சுவிட்சின் கப்ளரை (வயர் செருகியை) கழற்றி இரண்டு வயரையும் இணையுங்கள். ஃபேன் சுற்றினால் சுவிட்ச்தான் போயிருக்கிறது. ஆனால் கூலன்ட் குறைந்து சுவிட்ச் முனையில் காற்று நின்றாலும் அது சூட்டை உணராது. எஞ்சின் ஆறியபின் முதலில் லெவலைப் பாருங்கள். கழற்றிய சுவிட்சின் தலையில் 95-90 போல இரண்டு எண் பொறித்திருக்கும். பெரியது ஆன் ஆகும் சூடு, சிறியது ஆஃப். கொதிக்கும் நீரில் முனையை மட்டும் நனைத்து மீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) வைத்த புதிய கார்களில் இதைச் செய்யாதீர்கள். அங்கே இருப்பது சுவிட்ச் அல்ல, சென்சார். கப்ளரைக் கழற்றினாலே பல கார்களில் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பித்துவிடும்.

ஃபேனுக்கு பேட்டரியிலிருந்து டைரக்ட் கொடுத்துவிடலாமா?

வழியில் நின்றுவிட்டால் ஊர் சேரும்வரை சரி, அதுவும் ஃபியூஸ் வைத்து. நிரந்தரமாக வேண்டாம். டேஷ்போர்டுக்கு மெல்லிய வயர் இழுத்து, ஃபியூஸ் இல்லாமல் சாதாரண சுவிட்ச் போட்டிருந்த வண்டியில் இன்சுலேஷன் உருகி கார்ப்பெட்டோடு ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எதைச் சோதித்தாலும் தோளில் துண்டு தொங்க ஃபேன் பக்கம் குனியாதீர்கள். சாவி ஆஃபில் இருந்தாலும் அது திடீரென்று சுற்றும்.